பதினோரு கூட்டத்துக்கு வராதவர்

அம்மா வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலை டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தின் ஓரத்தில், தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கிறது. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் முதியோர் இல்லங்களின் துவாய்களும் அங்கே வந்து துவைபட்டு, மடிபட்டுத் திரும்பிப் போகும். மாலை வேலை எட்டரைக்கு முடியும். அந்தத் தெருவிலிருந்து கடைசிப் பேருந்து ஏழு ஐந்துக்குப் போய்விடும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றே கால் மணி நேரச் சொச்சத்திலிருந்து தொடங்கியது.

அம்மாவும் கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்களும் அதைத் தங்கள் வழியில் சமாளித்து வந்தார்கள். அவர்களில் கார் ஓட்டுபவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் வீட்டிலிருந்து யாராவது வரும்வரை, தொழிற்சாலையின் சுடுகாற்று வெளியேறும் குழாயின் கீழே நிற்பார்கள். டிசம்பர் மாதத்தில் அந்த இடத்தில் மட்டும் பனி தங்காது. "எங்கடை பஸ் ஸ்ராண்ட்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நகரசபைத் தேர்தலுக்கு முந்தைய வசந்தத்தில் அக்கா போட்டியிட முன்வந்தபோது நான் அவருக்காக வேலை செய்ய ஒத்துக்கொண்டது அந்தக் குழாயை நினைத்துத்தான். அக்கா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. பக்கத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் மாலைக் குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தார். எங்கள் கட்சிக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு: வேட்பாளர் பட்டியலில் முதலிடம் பெறுபவர், நகரசபையில் தான் விரும்பிய குழுவைத் தெரிந்தெடுக்கலாம். அக்காவுக்கு வேண்டியது போக்குவரத்துக் குழு. முதலிடம் யாருக்கு என்பதைக் கிளை உறுப்பினர்கள் ஒரு மாலைக் கூட்டத்தில் ரகசிய வாக்கால் தீர்மானிப்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு வழக்கமாக எழுபது எண்பது பேருக்கு மேல் வருவதில்லை. பத்துப் பதினைந்து பேர் புதிதாக வந்தால் முடிவே மாறிவிடும்.

எதிரே நின்றவர் மாஸ்டர். அவர் டெனிஷ்காரர். எங்கள் பெற்றோர் அகதிகளாக வந்து இறங்கியபோது மொழிப் பள்ளியில் அவர்களுக்கு டெனிஷ் கற்பித்தவர். அதனால் கோல்டிங்கில் உள்ள தமிழர்கள் எல்லோருக்கும், அவரிடம் ஒரு நாளும் படிக்காத எங்களுக்கும், அவர் மாஸ்டர்தான். பல ஆண்டுகளாக நகரசபையில் இருந்தார். நல்லவர், களைத்தவர். பேருந்து பற்றி இரண்டு முறை அவரிடம் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியின் சிற்றுண்டி மேசையை அம்மாவின் கூட்டாளிகள்தான் நடத்துவார்கள். அங்கே படிவங்களோடு போய் நின்றேன்.

"கட்சியோ? ஒரு நாட்டை விட்டு ஓடி வந்தது கட்சியளாலைதானே, பிள்ளை. அது காணாதோ?" என்றார் ஒருவர்.

"இது பஸ் விடுறதுக்கான கட்சி, அன்ரி."

"அப்ப குந்துறதுக்கு இடம் கிடைக்குமோ, இல்லை இஞ்சையும் நிண்டுகொண்டுதான் போகோணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு கையெழுத்து வைக்கத் தொடங்கினார்கள். அம்மாதான் கடைசி. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "கையெழுத்து வைக்கிறது லேசு. பிறகு அதுக்குப் போய் முகம் குடுக்க வேணும்," என்றார். அம்மா இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல். நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. ஒரு முறைகூடப் போனதில்லை. அன்றைக்கு வைத்தார்.

பத்தொன்பது பேர். நான் ஓர் அட்டவணை செய்தேன்: பெயர், வேலை நேரம், அந்த மாலை வர முடியுமா, யாருடைய காரில் வருவார். வருவதாகச் சொன்னவரின் வரியைப் பச்சையாக்கினேன். இரண்டு வாரத்தில் பத்தொன்பது வரியும் பச்சை.

அட்டவணை எனக்கு இயல்பாக வருவது. தானியங்கிக் கருவிகளில் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவள் நான். குளிர்சாதனங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, வெளியே அனுப்பும் முன் சோதிப்பது என் வேலை. சரியாக இயங்குவதை நாங்கள் எழுதுவதில்லை. பிழையை மட்டும்தான் எழுதுவோம். நாள், இடம், பிழை, காரணம் என நான்கு பத்திகள்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, அக்காவுக்காக வேலை செய்த ஒரு டெனிஷ் மாணவன், "இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று மக்களுக்குத் தெரியவே இல்லை," என்றான். அவன் அவ்வளவுதான் சொன்னான். மீதியைச் செய்தது நான். நகரசபைக் குழுக்களின் கூட்டக் குறிப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. இரண்டு மாலைகள் உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். மாஸ்டர் பதினோரு கூட்டத்துக்கு வரவில்லை. நாள், கூட்டம், "வரவில்லை" என்று பதினோரு வரிகள் எழுதினேன். மேலே பெரிய எழுத்தில், "உங்களுக்காக வருபவர் யார்?" டெனிஷில் ஒன்று, தமிழில் ஒன்று. கோடுகள் நேராக இருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கா இரண்டு வீடுகளுக்கு இடையில் காரில் இருந்தபடி அதைத் தொலைபேசியில் பார்த்தார்.

"எல்லாம் உண்மைதானே?"

"ஒவ்வொரு வரியும் குறிப்பிலை இருக்கு, அக்கா."

"அப்ப சரி. அனுப்பு."

டெனிஷ் தாளைக் கிளை உறுப்பினர்களின் தபால் பெட்டிகளில் போட்டோம். தமிழ்த் தாளை ஞாயிறு காலை பெண்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஒருவர் பிறந்தநாள் கேக்கின் படம் போட்டாலே கும்பிட்ட கைகளும் பூக்களும் வந்து குவியும் குழு அது. அன்று நீலக் குறிகள் மட்டும் வந்தன. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் செய்தி வந்தது. ஸ்கீவ ஊரிலிருந்து விருந்தினர் வருகிறார்களாம், கூட்டம் நடக்கும் அடுத்த வார வியாழக்கிழமை வர முடியாதாம். அடுத்தவருக்கு முழங்கால் வலி. அடுத்தவர் எஸ்பியர்க்கில் ஒரு பிறந்தநாளுக்குப் போக வேண்டும். வார நாளில், மாலை ஏழு மணிக்கு, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்தநாள். ஒருவர் ஒரு சொல்லும் எழுதாமல் கும்பிட்ட கையை மட்டும் அனுப்பினார். இரண்டே நாளில் பதினான்கு வரிகள் சிவப்பு.

நான் காரணம் தேடினேன். அன்று உதைபந்தாட்டம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். கோவில் நாட்காட்டியைப் பார்த்தேன். கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வழி கடினமோ என்று யோசித்தேன்.

"அம்மா, நீங்கள் வாறீங்கள்தானே?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"பாப்பம்," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று பொருள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, அம்மாவின் மேசைக்கூட்டாளியான அன்ரியின் வீட்டுக்குப் போனேன். அவரும் அம்மாவும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில் நிற்பவர்கள். இவர் இரண்டு மூலையைப் பிடிக்க, அவர் இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மடிப்பவர்கள். அன்ரியின் கணவர் போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு அன்ரியும் அந்தக் குழாயின் கீழே நிற்பவர்களில் ஒருவர் ஆனார், அதுவரை அவரை ஏற்ற வந்தது கணவர்தான் என்பதால்.

அவர் தேத்தண்ணி வைத்துத் தந்தார். என் தாளை மகளைக் கொண்டு அச்செடுத்து வைத்திருந்தார். அதை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஐந்தாவது வரியைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம்.

"இந்தத் திகதியிலை மாஸ்டர் எங்கை நிண்டவர் எண்டு உனக்குத் தெரியுமே, பிள்ளை?"

நான் திகதியைப் பார்த்தேன். அது எனக்கு ஒரு திகதியாக மட்டும்தான் தெரிந்தது.

"தெரியேல்லை, அன்ரி."

"வடிவா யோசி. நீயும் அங்கைதான் நிண்டனி."

அப்போதுதான் தெரிந்தது. அது அன்ரியின் கணவருடைய இறுதிக்கிரியை நாள். தகனசாலையின் சிறு மண்டபம் நிறைந்து ஆட்கள் வெளியிலும் நின்றார்கள். மாஸ்டர் தனியாக வந்தார். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் காலுறையோடு நின்றார். வாய்க்கரிசி போடும் நேரத்தில் வரிசையில் வந்து, முன்னால் போனவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தார். அதன் பிறகு கையை என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டியபடி நின்றார். தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றவள் நான். அவருடைய கையில் தண்ணீர் ஊற்றியது நான்.

மாலையில் வீட்டில் சாப்பாடு கொடுத்தபோதும் அவர் இருந்தார். அவர் வராத அந்தக் குழுக் கூட்டம் அன்று ஏழு மணிக்கு.

"எனக்கு ஞாபகம் வரேல்லை, அன்ரி," என்றேன்.

"உனக்கு வராது. உனக்கு அது ஒரு வரி. நாங்கள் அந்த நாளிலை இருந்து எட்டு எண்ணினனாங்கள், முப்பத்தொண்டு எண்ணினனாங்கள், வருசம் முடிய ஆட்டைத் திவசத்துக்கு எண்ணினனாங்கள். சமைக்க வந்தவை எல்லாருக்கும் அந்தத் திகதி பாடம்."

"அது பொய் எண்டு..."

"பொய் எண்டு ஆர் சொன்னது? உண்மைதான். அண்டைக்கு அவர் கூட்டத்துக்குப் போகேல்லைத்தான்."

நான் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அதில் ஆடை படிந்திருந்தது.

"அப்ப நீங்கள் மாஸ்டருக்குப் போடப் போறீங்களோ?"

"மாஸ்டருக்குப் போட்டா பஸ் வராது. அக்காவுக்குப் போட்டா, செத்தவீட்டுக்கு வந்த மனுசனை ஏன் வந்தனீர் எண்டு கேட்ட மாதிரி. நான் வீட்டிலை இருக்கிறன். அதுதான் நிம்மதி. மற்றவைக்கும் அப்பிடித்தான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேரைப் போட்டு, திகதியைப் போட்டு, ஒராள் செய்த பிழையெண்டு எழுதின தாளுகளை நாங்கள் ஊரிலை கண்டனாங்கள். கரண்ட் கம்பத்திலை, சுட்டுப்போட்ட ஆளோடை சேத்துக் கட்டியிருக்கும். இஞ்சை, உன்ரை கையாலை அப்பிடி ஒண்டு வருமெண்டு நான் நினைக்கேல்லை. அதுதான் வாய் வரேல்லை."

ஆய்ந்த கீரையைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

அடுத்த நாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மூன்று வழிகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்று, பேசாமல் இருப்பது. இரண்டு, ஐந்தாவது வரியை எடுத்துவிட்டுத் தாளைத் திரும்ப அனுப்புவது. மூன்று, அக்கா விலகிக்கொள்வது. எனக்கு இரண்டாவது சரியாகப் பட்டது.

"அதை எடுத்தாலும் பத்து மிஞ்சும். பத்தும் உண்மை," என்றேன்.

"மற்றப் பத்து நாளும் அந்த மனுசன் எங்கை நிண்டவர் எண்டு கேட்டனியோ?" அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

கேட்கவில்லை. என் வேலையிடத்தில் காரணப் பத்தி வெறுமையாக இருந்தால் ஒரு பிழையை மூட முடியாது. கணினி விடாது. நான் இந்தத் தாளைச் செய்தபோது அந்தப் பத்தியை மறந்துபோகவில்லை. இடம் போதாது என்று எடுத்துவிட்டேன். அதை அக்காவிடம் சொன்னேன்.

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நானும் அந்தச் செத்தவீட்டுக்கு வந்தனான். காருக்குள்ளை இருந்து அரைக் கண்ணாலை பாத்திட்டு அனுப்பெண்டு சொன்னது நான்தானே. ஆக்கள் பஸ்ஸுக்காகத்தான் சேந்தவை. நாங்கள் பஸ்ஸைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லை, பாத்தியே?"

உண்மை. தாளில் பேருந்து என்ற சொல்லே இல்லை.

மாஸ்டரை நான் தொலைபேசியில் அழைத்தேன். டெனிஷில் பேசினோம். அந்தத் தாளைச் செய்தவள் நான், அதில் ஒரு பத்தியை விட்டுவிட்டேன், அதை நிரப்ப உதவுவாரா என்று கேட்டேன். அவர் மறுத்தார். தன் நாட்களுக்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்றார். குரலில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தொலைபேசியை வைக்கப் போனார் என்று நினைத்தேன். ஆனால், நீ யாருடைய மகள் என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை.

"செம்பு வைத்திருந்த பெண்," என்றேன். டெனிஷில் செம்புக்குச் சரியான சொல் தெரியாமல் தண்ணீர்க் குவளை என்று சொன்னேன்.

"அந்தத் தண்ணீர் மிகவும் குளிராக இருந்தது," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "ஒரு நாள் கண் அறுவைச் சிகிச்சை. இன்னொரு நாள் மகளுக்கு உடம்பு சரியில்லை. மற்ற எட்டு நாளும் எனக்குப் போக மனம் இருக்கவில்லை. வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் எழுதவில்லை. எழுதினால் அதையும் அனுப்பத் தோன்றும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

மற்றப் பதினெட்டு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று கேட்டபோது அம்மா கூடாது என்றார். எங்கள் ஆட்களிடம் கல்யாணமோ சாவீடோ, வீட்டுக்குப் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகும். தொலைபேசியில் மட்டும் சொன்ன கல்யாணத்துக்குப் போகாமல் விட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். "ரெலிபோனிலை கேக்கிறது மன்னிப்பில்லை. கால் நோகப் போய்க் கேள்," என்றார்.

கூட்டம் நடக்கும் வியாழக்கிழமைக்கு ஐந்து நாட்கள் இருந்தன. சனி, ஞாயிறு முழுவதும், பிறகு வேலை முடிந்த மாலைகளிலும் போனேன். முடிந்தபோதெல்லாம் அக்காவும் வந்தார். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: போகிற வீட்டில் வாக்குக் கேட்கக் கூடாது. அந்த விதியைக் காப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, கூடவே ரோல்ஸ் அல்லது பணியாரம். மறுத்தால் கோபம் தீரவில்லை என்று ஆகிவிடும், ஆகவே எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

முதல் வீட்டில் கணவர்தான் கதவைத் திறந்தார். "படிச்ச பிள்ளையெண்டு நினைச்சம்," என்றார்.

"ஓம், அண்ணை."

"என்ன ஓம்?"

"நினைச்சது சரி. செய்ததுதான் பிழை."

அவர் யோசித்துவிட்டு உள்ளே விட்டார்.

இன்னொரு வீட்டில், வாசலில் மூன்று சோடிச் செருப்பு இருந்தும், உள்ளே தொலைக்காட்சி பேசியும், கதவு திறக்கவில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அன்ரி ஒருவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நீண்ட ஜெபம் செய்தார். முதலில் என் மனந்திரும்புதலுக்காக, பிறகு மாஸ்டரின் கண்ணுக்காக, முடிவில் பேருந்துக்காக. பேருந்தின் இலக்கத்தையும் கர்த்தரிடம் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

"உந்தப் பேப்பரைப் பாத்த உடனை எனக்கு உங்களிலை ரெண்டு பேரிலையும் வெறுத்துப் போச்சு," என்றார் முழங்கால் வலி என்று சொன்னவர். உண்மையாகவே முழங்காலில் கட்டு இருந்தது. "மாஸ்டரிலையும்தான். அவரும் பதினொரு தரம் போகேல்லைத்தானே. உது ஒண்டும் எங்களுக்குச் சரிவராது எண்டு விட்டிட்டன்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் தாள் மாஸ்டருக்கு வரவேண்டிய வாக்கை அக்காவிடம் கொண்டு வரவில்லை. இரண்டு பேரிடமிருந்தும் எடுத்து, சோபாவில் உட்கார வைத்துவிட்டது.

"இப்ப நீ வந்ததுக்காக நான் வாறன்," என்றார் அவர் எழும்பும்போது. "ஆருக்குப் போடுவன் எண்டு சொல்லமாட்டன்."

"சரி, அன்ரி. நான் கேக்கேல்லை."

"கேக்கமாட்டாய். ஆனா முகத்திலை எழுதிக் கிடக்கு."

அன்ரியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் வட்டம் போட்ட தாளை நாலாக மடித்தார். வேலையிடத்தில் விரிப்பை மடிப்பது போல மூலைகளை ஒத்தி வைத்து மடித்தார். பிறகு என்னிடம் தந்தார்.

வியாழக்கிழமை, ஜூன் மாதத்தின் வெளிச்சமான மாலை. மண்டபத்தில் வழக்கம்போல் காப்பி, கேக், தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு. நான் வாசலில் நின்று எண்ணினேன். ஏழு பேர் வந்தால் போதும் என்று இருந்தேன். ஆறேமுக்காலுக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. பிறகு ஒன்று. பத்தொன்பதில் பதினாறு பேர். இரண்டு தட்டு ரோல்ஸ் கொண்டு வந்து டெனிஷ் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கதவு திறக்காத வீட்டுக்காரரும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "அண்டைக்கு குளிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றார். மூன்று பேருமா என்று நான் கேட்கவில்லை.

காப்பி வரிசையில் ஒரு வயதான டெனிஷ் பெண், அந்தத் தாளைச் செய்தது நானா என்று கேட்டார். ஆம் என்றேன். "அதைப் படித்துவிட்டு நான் இன்று வராமல் இருக்கத்தான் நினைத்தேன். ரோல்ஸ் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்," என்றார்.

அக்கா பேச எழுந்தபோது முதலில் தாளைப் பற்றித்தான் பேசினார். அது தன் பக்கத்திலிருந்து வந்தது, அனுப்பச் சொன்னது தான்தான், அதில் மாஸ்டருக்கு ஒரு அநீதி இருக்கிறது, அவரிடம் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு பேருந்தைப் பற்றிப் பேசினார்.

மாஸ்டர் எழுந்தார். "பதினொன்றில் எட்டுக்கு நான் வந்திருக்கலாம்," என்றார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அந்த எட்டுக்கும் எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்றார்.

கேள்வி நேரத்தில் எனக்குப் பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. அன்ரி எழுந்து நின்றார். அவர் டெனிஷில் பொது இடத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"கடைசிப் பேருந்து ஏழு ஐந்துக்குப் போகும். எங்கள் வேலை எட்டரைக்கு முடியும். நாங்கள் வெளியே நிற்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள்?"

நாலு வசனம். அவர் பேசும்போது நான் மாஸ்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய உதடுகளும் சேர்ந்து அசைந்தன, முப்பது ஆண்டுக்கு முந்தைய வகுப்பில் நிற்பவர் போல. கடைசிச் சொல் சரியாக வந்ததும் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் கேள்வி தன்னிடமும் கேட்கப்பட்டது என்று அவருக்கு உறைத்தது. தனக்குக் கடிதம் வந்ததையும் தான் ஒன்றும் செய்யாததையும் ஒத்துக்கொண்டார்.

வாக்குச் சீட்டுகளை எண்ணினார்கள். நாலு வாக்கால் மாஸ்டருக்கு முதலிடம். அக்காவுக்கு இரண்டாவது.

வராத மூன்று பேரையும், தாளைப் படித்துவிட்டு வீட்டில் இருந்திருக்கக்கூடிய டெனிஷ்காரர்களையும் நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாஸ்டர் நன்றி சொல்ல எழுந்தார். முதலிடத்துக்காரருக்கு உரிய தெரிவைத் தான் இப்போதே சொல்லிவிடுவதாகச் சொன்னார். தனக்குப் பண்பாட்டுக் குழு போதும். எங்கள் கட்சிக்குப் போக்குவரத்துக் குழுவில் இடம் கிடைத்தால் அது அக்காவுக்கு. "மாலைக் கூட்டம் என்றால் என்னை நம்ப முடியாது. அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது," என்றார். இந்த முறை அவரும் சிரித்தார். நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இதை எழுதும்போது அக்கா தேர்தலில் வென்று அந்தக் குழுவில் இருக்கிறார். பேருந்து இன்னும் வரவில்லை. எட்டே முக்காலுக்கு ஒரு பேருந்தைச் சோதனையாக விடுவது பற்றிய பேச்சு, குழுவின் நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது விடயமாக நிற்கிறது. அது முதலில் பதினாலாவதாக இருந்தது. பெண்கள் இப்போதும் குழாயின் கீழேதான் நிற்கிறார்கள். ஆனால் ஒரு மாற்றம்: குழுக் கூட்டம் நடந்த அடுத்த நாள் அன்ரி அங்கே நின்று மற்றவர்களுக்கு, கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று விளக்குகிறார். கூட்டக் குறிப்புகளை இணையத்தில் எங்கே பார்ப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான்.

அந்த ஜூன் மாலைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து ஒன்பது மணிக்கு வெளியே வந்தபோதும் வெயில் இருந்தது. காரை நான் ஓட்டினேன். முன்னால் அம்மா, பின்னால் அன்ரியும் முழங்கால் அன்ரியும். வெறும் தட்டுகள் அவர்களுடைய மடியில்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"ரகசிய வாக்கெண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை மேசைக்கு மேசை வகுப்பெடுத்தது ஆர்?"

பின்னால் இருவரும் சிரித்தார்கள்.

"சும்மா கேட்டன்."

"சும்மா கேட்டு எழுதிப் போடுவாய். றோட்டைப் பாத்து ஓடு."

வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது அம்மா கைப்பையைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மண்டபத்தில் கொடுத்த நிகழ்ச்சி நிரலை விரித்தார். கடைசி வரியில் அடுத்த கூட்டத்தின் நாள் இருந்தது. "செப்ரெம்பர். அண்டைக்கு எனக்குப் பின்னேர வேலை," என்றார். பிறகு பின்பக்கம் திரும்பி அன்ரியிடம் கேட்டார்:

"அண்டைக்கு உன்ரை காலமை வேலையை என்னோடை மாத்துவியோ?"

"நானும்தானே போகோணும். வேறை ஆரையும் கேள்," என்றார் அன்ரி.